வட்டைக் கவியும் ‘பிங்க் மூன்’ இசைத்தட்டும்

1971 ஒக்டோபரில் லண்டனில் நிக் டிரேக் இரண்டே இரவில் பாடிப் பதிந்த இசைத்தட்டு ‘பிங்க் மூன்’. வெறும் 28 நிமிசம். ஒரு குரல், ஒரு கிட்டார். தலைப்புப் பாட்டில் மட்டும் கொஞ்சம் பியானோ. 1972இல் வந்தபோது பெரிசா விற்கல்ல. 1974இல், 26 வயதில் அவர் இறந்துபோனார். 2000 வாக்கில் ஒரு கார் விளம்பரத்தில் ஒலித்த பிறகுதான் பலர் தேடி வாங்கினார்கள்.

கல்முனையில் இருந்து கேட்கிற நமக்கு அது அந்நியமாகத் தெரியல்ல. வட்டைக்குள் காவல் பரணில் மச்சியை நினைத்துப் பாடின கவிக்கும் வாத்தியம் இல்லை. தனிக்குரலைச் சுற்றியுள்ள வெறுமைதான் ரெண்டிலும் நெஞ்சைப் பிடிக்குது.

நிந்தவூர் எஸ். முத்துமீரான் தேடித் தொகுத்ததால் கவியின் சொற்கள் புத்தகத்தில் தப்பின. ராகம் எழுத்தில் நிற்காது. டிரேக்கின் குரலை நாடா காப்பாற்றியது. நம்மட மூத்தம்மாமாரின் குரலை இப்பவே ஃபோனில் பதியாவிட்டால், நாளைக்கு நாங்க எதைத் தேடி எடுக்கிறது?