கிளைடருக்குள் வந்த மின்சாரம்

1920இல் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் முதல் ரோன் கிளைடர் போட்டி நடந்தபோது, அந்தக் கிளைடர்கள் மரமும் துணியும் எஃகுக் கம்பியும்தான். பிறகு ரேடியோ வந்தது, ஏறும் இறங்கும் வேகத்தைக் காட்டும் மின்சார வேரியோமீட்டர் வந்தது, 12 வோல்ட் பேட்டரியும் ஏறியது. உள்ளே மடங்கும் எஞ்சின் வந்ததும் ஒயரிங் பெருகியது.

நடுவானில் ஒயர் கருகினால் ஓரங்கட்ட இடமில்லை. அதனால்தான் பழுதான பாகத்தை மாற்றச் சொல்லும் 'ஏர்வொர்த்தினஸ் டைரக்டிவ்' என்ற ஆணை கட்டாயமானது. ஜெர்மன் கிளைடர்களுக்கு அதைப் பிரவுன்ஷ்வைக் நகரத்து விமானத் துறை அலுவலகம் வெளியிட்டது; 2003இல் ஐரோப்பிய அமைப்பான ஈசா அந்தப் பொறுப்பை ஏற்றது. எந்த மாடல், எந்தப் பாகம், எத்தனை நாள் கெடு என்று ஆணை சொல்லிவிடும். கெடு தாண்டினால் பறக்கக் கூடாது.

அப்படிப் பாகம் மாற்றும் பராமரிப்பு வேலையில் நான் முதலில் பேட்டரியைக் கழற்றுவேன். ஃபியூஸின் ஆம்பியரைச் சரிபார்ப்பேன். மாற்றியதை லாக்புக்கில் எழுதிக் கையெழுத்திடுவேன். அந்தக் கையெழுத்தை நம்பித்தான் ஒருவர் வானேறுகிறார். அதில் அவசரத்துக்கு இடமே கிடையாது.