கரும்புத் தொட்டிலும் கழுத்துச் சுரப்பியும்

திருவண்ணாமலையில் பிள்ளைவரம் பெற்றவர்கள் குழந்தையைக் கரும்புத் தொட்டிலில் இட்டு மாடவீதி வலம் வருவார்கள். ரமணாசிரமத்தைக் கடந்து செல்லும் கிரிவலத்தில் தொட்டில் கட்ட வாய்க்காதவர்களும் நடக்கிறார்கள். கரு கலைந்தால் அது பெண்ணின் குறை என்றே ஊர் சொல்லும். அந்தக் குறையின் ஒரு பகுதி ரத்தத்தில் இருக்கக்கூடும் என்று அறிய வெகுகாலம் ஆயிற்று.

1912இல் ஜப்பானிய மருத்துவர் ஹகாரு ஹஷிமோட்டோ நான்கு பெண்களின் தைராய்டு வீக்கத்தை விவரித்து ஜெர்மன் மொழியில் எழுதினார். பிறகு ஊர் திரும்பி வைத்தியம் பார்த்தார். 1934இல் டைபாய்டில் இறந்தார். உடலே தன் சுரப்பியைத் தாக்கும் நோய் அது என்று ராய்ட், டெபோரா டோனியாக் முதலியோர் லண்டனில் காட்டியது 1956இல்தான்.

கருவின் தைராய்டு தொழிற்படும்வரை, ஏறத்தாழ முதல் மூன்று மாதம், தாயின் சுரப்பே அதற்கும் ஆதாரம். 1990இல் ஸ்டக்னாரோ-கிரீன் குழுவினர் நியூயார்க்கில் 552 கர்ப்பிணிகளை ஆராய்ந்தனர். தைராய்டு எதிர்ப்பொருள் இருந்தவர்களில் 17 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது, இல்லாதவர்களில் 8.4 சதவீதம். இத்தனைக்கும் பலருக்குச் சுரப்பு இயல்பாகவே இருந்தது.

அப்படியானால் தைராக்சின் மாத்திரை போதுமே என்றுதான் யாருக்கும் தோன்றும். பிரிட்டனில் 952 பெண்களிடம் நடந்த ஆய்வு 2019இல் வெளிவந்தது. சுரப்பு இயல்பாக இருந்து, எதிர்ப்பொருள் மட்டும் கொண்டவர்கள் அவர்கள். மாத்திரை உண்டவர்களில் 37.4 சதவீதம் பேருக்குக் குழந்தை உயிருடன் பிறந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் 37.9. சுரப்பே குறைந்தவர்களுக்கு மாத்திரை இன்றியமையாதது. அது வேறு கதை. இயல்பாக இருப்பவர்களுக்குக் கரு ஏன் கலைகிறது என்ற கேள்வி இன்றும் திறந்தே கிடக்கிறது.