மன்றாடிகள் நடந்த தடம்

தஞ்சைப் பெரிய கோயிலில் ஒரு நந்தா விளக்கு அணையாமல் எரிய 96 ஆடுகள் வேண்டும். முதலாம் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுக் கணக்கு இது. ஆடுகளைப் பொறுப்பேற்ற மன்றாடிகள், அதாவது இடையர்கள், நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். கிழடு கழிந்தாலும் நோயில் செத்தாலும் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை ஈடுகட்டியாக வேண்டும். அதனால்தான் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்லில் வெட்டினார்கள். புதுக்கோட்டைச் சீமைக் கல்வெட்டுகளிலும் இந்த விளக்காடுகள் வருகின்றன. கருவறைக்கு வெளிச்சம் தந்தவர்கள் மந்தைக்காரர்கள். அரசர்களின் வரலாற்றில் இவர்களுக்கு ஒரு வரிகூட ஒதுக்காதது பெரிய அநியாயம்.

அந்த மரபு இன்னும் அற்றுப்போகவில்லை. தை, மாசியில் அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கமிருந்து கீதாரிகள் எனும் மந்தைத் தலைவர்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு புதுக்கோட்டை மாவட்டம் வழியாகக் காவிரிப் படுகைக்குப் போகிறார்கள். பகலில் அறுத்த தாளில் மேய்ச்சல். இரவில் பேசிவைத்த வயலில் கிடை. நள்ளிரவில் எழுந்து ஆடுகளைக் கிளப்பி, தள்ளிப் படுக்க வைப்பார்கள். அப்போதுதான் புழுக்கையும் மூத்திரமும் வயல் முழுக்கப் பரவும். பால்குடிக் குட்டிகளுக்கு ஓலைக் கூண்டு. பச்சை வற்றிய கோடையில் துறட்டியால் கருவேல நெற்றை உலுக்கிப் போடுவார்கள். கிடைக்கூலி ஒரு காலத்தில் நெல்லாக வந்தது, இப்போது ரொக்கம்.

1934-இல் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் இவர்களின் பஞ்சாங்கமும் மதகோடு சேர்ந்துகொண்டது. ஜூன் 12-ஐ ஒட்டித் தண்ணீர் திறந்துவிட்டால், நாற்றங்கால் போடுமுன் மந்தை மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். புதுக்கோட்டையின் செம்மண் மேடுகள் அப்படி ஒதுங்கும் இடங்களாக இருந்தன. அடி விழுந்தது அங்கேதான். புதுக்கோட்டை தனி மாவட்டமாகப் பிறந்த அதே 1974-இல் தமிழ்நாடு வனத்தோட்டக் கழகமும் வந்தது. முந்திரி ஒருபுறமிருக்க, காகித ஆலைகளுக்காகக் காட்டுநிலங்களில் தைலமரம் பரவியது. தைலமரத் தழையை ஆடு தொடாது. அதன் அடியில் புல்லும் அரிது. யூரியா மூட்டையும் அறுவடை இயந்திரமும் மிச்சத்தைப் பார்த்துக்கொண்டன.

மந்தைவாழ்வென்றால் உலகம் மங்கோலியாவைத்தான் சொல்லும். அங்கும் நிலைமை சுகமில்லை. 2009-10 கடுங்குளிரில் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் செத்தன. மந்தையிழந்தவர்கள் தலைநகர் உலான்பாத்தரின் ஓரத்தில் கூடாரம் அடித்தார்கள். ஆனால் 1992-இல் எழுதிய அரசியல் சட்டத்தில், மேய்ச்சல் நிலம் தனியார் உடைமையாகாது என்றும், கால்நடை தேசத்தின் செல்வம் என்றும் அந்த நாடு சொல்லியிருக்கிறது. நம் கீதாரிக்கு அப்படி ஒரு வரி கிடையாது. ஊருக்கு ஊர் தண்ணீருக்கும் வழிக்கும் கெஞ்சித்தான் நகர வேண்டும்.

ரசாயன உரத்தைக் கைவிட்ட விவசாயிகள் இன்று கிடைக்கு ஆள் தேடுகிறார்கள். கீதாரியின் பிள்ளையோ திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போகப் பார்க்கிறான். வருவாய்த் துறைப் பதிவேட்டில் இன்னும் மேய்ச்சல் புறம்போக்கு என்றிருக்கும் நிலங்களையாவது அளந்து, எல்லைக்கல் நட்டு, மந்தைக்கு விட வேண்டும்.

(தொடரும்)