நாகைப் புதுவெளிக் கோபுரம்

‘பொன்னியின் செல்வன்’ படித்துவிட்டு நாகப்பட்டினம் போகிறவர்கள், அருள்மொழிவர்மர் காய்ச்சலோடு படுத்திருந்த சூடாமணி விஹாரம் எது என்று விசாரிக்கிறார்கள். காட்டுவதற்கு அங்கே ஒரு சுவர்கூட இல்லை. சிந்தாதிரிப்பேட்டைவாசியான என்னைக் கேட்டால், கூவத்தைத் தாண்டி எழும்பூர் மியூசியத்துக்குப் போங்கள் என்பேன்.

கல்கி அவர்களின் கதையில் ராஜராஜர் இளவரசராக இருக்கும்போதே விஹாரம் இருக்கிறது. ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கிற விஹாரமோ பிந்தியது. ஸ்ரீவிஜய மன்னர் மாறவிஜயோத்துங்கவர்மர், தம் தந்தை சூடாமணிவர்மரின் பெயரால் கட்டி முடித்தது. ராஜராஜர் தமது 21-ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1006 வாக்கில், ஆனைமங்கலம் கிராமத்தின் வருவாயை அதற்கு அளித்தார். ஒரு நாவலாசிரியருக்கு முப்பது நாற்பது வருஷம் கடன் கொடுத்தால் சரித்திரம் ஒன்றும் ஏழையாகிவிடாது! பெரிய கோயில் கட்டிய அந்தச் சிவபக்தர், கடல் கடந்த அரசரின் புத்தர் பள்ளிக்கு ஒரு கிராமத்தையே கொடுத்தார் என்பதுதான் எனக்கு முக்கியம்.

பிக்ஷுக்கள் போய் நெடுங்காலமான பிறகும் அங்கே ஒரு செங்கல் கோபுரம் நின்றது. பழைய பௌத்தப் பள்ளியின் மிச்சம் என்பது அறிஞர்கள் கருத்து. ஊரார் புதுவெளிக் கோபுரம் என்றார்கள். ஐரோப்பியர் சீனக் கோபுரம் என்றார்கள். ஜபம் நின்ற இடம் மாலுமிகளுக்குக் கரையின் அடையாளமாயிற்று. 1846-இல் சர் வால்டர் எலியட் பார்த்தபோது மூன்று நிலைகள் இருந்தன. சாந்தில்லாமலே செங்கற்களை நெருக்கி அடுக்கியிருந்தார்களாம்.

பக்கத்தில் ஏசு சபைப் பாதிரிமார் 1844 முதல் கல்லூரி நடத்தி வந்தார்கள். கோபுரத்தை இடிக்க 1859-இல் அனுமதி கேட்டார்கள். 1867-இல் சர்க்கார் கொடுத்தது. பாதிரிமாரைவிட, உத்தரவு போட்ட சர்க்காரின் பேரில்தான் எனக்குக் கோபம். 1883-இல் கல்லூரியே திருச்சிக்குப் போய்விட்டது. பதினாறு வருஷம் பொறுத்திருந்தால் கோபுரம் பிழைத்திருக்கும்.

நின்றது போயிற்று, புதைந்தது பிழைத்தது. 1856 முதல் 1930-கள் வரையில் நாகையில் மண்ணுக்கடியிலிருந்து ஏறக்குறைய 350 பௌத்த வெண்கலப் படிமங்கள் கிடைத்தன. அவற்றில் பல எழும்பூரில் இருக்கின்றன. அவற்றைப் பற்றி டி. என். ராமச்சந்திரன் எழுதிய நூலை மியூசியம் 1954-இல் வெளியிட்டது. புத்தரின் உச்சியில் சிறு தீச்சுடர் எழும்பி நிற்கும். பார்க்கப் போகிறவர்கள் முகத்தோடு நின்றுவிடாமல் பீடத்தையும் குனிந்து பாருங்கள். சிலவற்றில் தமிழ் எழுத்தில் பெயர்கள் வெட்டியிருக்கின்றன.