தப்தர் யார் கையில்?

2007இல் தக்கலை ஜமாஅத் கவிஞர் எச்.ஜி. ரசூலை ஊர்விலக்கம் செய்தது. இஸ்லாமியச் சமூகமும் மதுவும் குறித்து ஓர் இலக்கிய இதழில் அவர் எழுதிய கட்டுரை காரணமாகச் சொல்லப்பட்டது. புகைச்சல் அதற்கும் முன்னாலேயே தொடங்கிவிட்டது. 2000இல் வந்த ‘மைலாஞ்சி’ தொகுப்பில், நபிமார்களில் ஒரு பெண் ஏன் இல்லை என்று பிள்ளை தகப்பனிடம் கேட்பதாக ஒரு கவிதை உண்டு. அந்தக் கேள்வியை ஊர் மறக்கவில்லை. நாமோ, அதாவது எழுதுகிறவர்களும் இயக்கங்களில் இருப்பவர்களும், இதைப் பெரும்பாலும் ‘கருத்துச் சுதந்திரம்’ என்கிற ஒரு தலைப்பின் கீழேயே வைத்துப் பேசினோம். ஷா பானுவும் முத்தலாக்கும் வந்தால் ‘பெண் உரிமை’ என்று இன்னொரு தலைப்பை எடுத்துக்கொள்கிறோம். ரெண்டும் ரெண்டு விஷயம் என்கிற மாதிரி. இப்படிப் பிரித்துப் பார்ப்பதாலேயே அதிகாரம் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது கண்ணில் படாமல் போகிறது என்று நினைக்கிறேன்.

ஊர்விலக்கம் என்றால் நடைமுறையில் என்ன? அடிப்பதில்லை, புத்தகத்தைக் கொளுத்துவதுகூட இல்லை. சந்தா வாங்கமாட்டார்கள். வீட்டு விசேஷத்துக்கு இமாம் வரமாட்டார். மவுத் ஆனால் கபுருஸ்தானில் இடம் கேட்டு நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்த வீட்டுப் பிள்ளையின் நிக்காஹ் தப்தரில் ஏறாது. எழுதியவன் ஒருத்தன், தண்டனை விழுவது அவன் மகளின் கல்யாணத்தின் மீது. ஒரு வரியை எழுதுமுன் மனைவி முகத்தை ஏறிட்டுப் பார்க்க வேண்டியிருக்கிற எழுத்தாளனுக்கு அரசியல் சட்டத்தின் 19ஆவது பிரிவு என்ன செய்துவிடும்?

தப்தரைப் பார்க்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து மேற்கே திருவண்ணாமலை, கிழக்கே செஞ்சி. இந்தப் பாதையில் எந்த ஊரில் நிக்காஹுக்குப் போனாலும் அந்த நீளமான நோட்டைப் பார்க்கலாம். மாப்பிள்ளை பெயர், தகப்பனார் பெயர், எந்த மஹல்லா. பெண் பெயர், அவளுக்கு வலி யார், வக்கீல் யார், சாட்சி ரெண்டு பேர், மஹர் எவ்வளவு, ஓதி வைத்த ஹஜ்ரத் யார். மாப்பிள்ளை வெளியூர் என்றால் அந்த ஊர் ஜமாஅத்தின் கடிதம் வேண்டும். அந்தக் கடிதத்தைப் பெறத் தலைக்கட்டுக் கணக்கில் பாக்கி இருக்கக் கூடாது, ஊரோடு தகராறு இருக்கக் கூடாது. மார்க்கச் சட்டப்படி நிக்காஹுக்கு இந்தக் கடிதம் தேவையே இல்லை. ஈஜாபும் கபூலும் மஹரும் சாட்சியும், ஷாஃபிகளுக்கு வலியும் இருந்தால் போதும். ஹனஃபியாக இருந்தாலும் கடற்கரைப் பக்கத்து ஷாஃபியாக இருந்தாலும் ஊர்க் கடிதம் என்று ஒரு நிபந்தனை கிடையாது. மதம் கேட்காத ஒன்றை நிர்வாகம் கேட்கிறது. காலப்போக்கில் நிர்வாகத்தின் பழக்கமே மதத்தின் கட்டளையாகத் தோற்றம் கொண்டுவிட்டது.

தமிழ்நாட்டில் 2009இல் திருமணப் பதிவுச் சட்டம் வந்தது, எல்லா மதத்தாருக்கும் பதிவு கட்டாயமானது. ஆனால் பதிவு என்பது நடந்து முடிந்த திருமணத்தைத்தான் பதியும். அதை நடத்தி வைக்கிற இடம் பழையபடி ஜமாஅத்திடமே இருக்கிறது.

அந்த இடத்தில் பெண் கிடையாது என்பதைப் புதுக்கோட்டைப் பெண்கள் எளிமையாகக் காட்டினார்கள். 1991இல் ‘ஸ்டெப்ஸ்’ அமைப்பைத் தொடங்கிய தாவூத் ஷெரீபா கானத்திடம் வந்த பிராதுகளில் திரும்பத் திரும்ப வந்தது ஒன்றுதான்: என் தலாக்கைப் பற்றி ஜமாஅத் கூடிப் பேசியது, அங்கே நான் இல்லை. கூட்டம் பள்ளிவாசலில் நடக்கும், பெண் உள்ளே போக முடியாது, அவளுக்காக அண்ணனோ தகப்பனோ போய்ப் பேச வேண்டும். கேட்கப்படவேண்டியவள் தெருவில் நிற்கிறாள். இதற்கு எதிராகத்தான் 2004 வாக்கில் அவர்கள் பெண்கள் ஜமாஅத் என்று ஒன்றை அமைத்தார்கள், தங்களுக்கென்று ஒரு பள்ளிவாசலும் கட்டப்போவதாக அறிவித்தார்கள். பெண்கள் தனியாகப் பள்ளி கேட்பதா என்று ரொம்பப் பேர் கொதித்தார்கள். எனக்குப் பள்ளிவாசலைவிட ‘ஜமாஅத்’ என்கிற அந்தச் சொல்லை அவர்கள் எடுத்துக்கொண்டதுதான் பெரிய காரியமாகப் படுகிறது. சங்கம் என்று வைத்திருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

மார்க்கம் மாறாதது, அதைப் பற்றிப் பேச்சுக்கே இடமில்லை என்று சொல்கிறவர்களுக்கு 1939ஐ நினைவுபடுத்த வேண்டும். அன்றைக்கு இந்தியாவில் நடைமுறையிலிருந்த ஹனஃபி சட்டப்படி கணவன் காணாமல் போனாலும், சோறு போடாமல் விட்டாலும் மனைவி விடுபட வழி அநேகமாக இல்லை. பஞ்சாப் பக்கம் சில பெண்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: மதத்தைவிட்டு வெளியேறினால் திருமணம் தானாக முறியும். தங்கள் பெண்கள் நீதிமன்றத்தில் போய் மதம் மாறியதாகச் சொல்ல ஆரம்பித்தபோது உலமாக்கள் விழித்துக்கொண்டார்கள். தேவ்பந்த் மரபின் பெரிய ஆலிமான மௌலானா அஷ்ரஃப் அலி தானவி 1931இல் ஒரு நூல் எழுதி, இந்த விஷயத்தில் மாலிகி மத்ஹபின் தீர்ப்பை எடுத்துக்கொள்ளலாம் என்றார். அதன் தொடர்ச்சியாக வந்ததுதான் 1939ஆம் வருஷத்து முஸ்லிம் திருமண முறிவுச் சட்டம். நாலு வருஷம் கணவனைப் பற்றித் தகவல் இல்லையென்றால், ரெண்டு வருஷம் ஜீவனாம்சம் தரவில்லையென்றால், மனைவி நீதிமன்றம் போகலாம். கூடவே, மதம் மாறினால் மட்டும் திருமணம் முறியாது என்றும் எழுதி அந்தப் பழைய கதவை அடைத்தார்கள். அதைத் திறந்து காட்டிய பெண்களின் பெயர்கள் பொது நினைவில் இல்லை, மௌலானாவின் பெயர் இருக்கிறது.

அச்சில் நடந்த விவாதமும் நமக்குப் புதிதல்ல. 1920களிலிருந்து பா. தாவூத் ஷா ‘தாருல் இஸ்லாம்’ பத்திரிகையில் தமிழில் குத்பா வேண்டும் என்றும் பெண் கல்வி வேண்டும் என்றும் எழுதி உலமாக்களோடு மல்லுக்கட்டினார். 1938இல் நாகூரின் சித்தி ஜுனைதா பேகம் ‘காதலா? கடமையா?’ என்கிற நாவலைத் தன் சொந்தப் பெயரிலேயே வெளியிட்டார். அறுபது வருஷம் கழித்து, துவரங்குறிச்சியில் வீட்டுக்குள் வைக்கப்பட்ட ஒரு பெண் குடும்பத்துக்குத் தெரியாமல் எழுதி, சல்மா என்று வேறொரு பெயரில் அனுப்ப வேண்டியிருந்தது. காலம் முன்னோக்கித்தான் போகும் என்று நம்புகிறவர்கள் இந்த ரெண்டு பெயர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நாவலாசிரியர் தோப்பில் முஹம்மது மீரான் தப்பித்ததற்கும் ஒரு காரணம் உண்டு. பள்ளிவாசலை ஒரு முதலாளி கைக்குள் வைத்திருந்ததை ‘ஒரு கடலோர கிராமத்தின் கதை’ சொல்கிறது, ஆனால் அது முந்தைய தலைமுறையின் கதை. செத்துப்போன முதலாளியைப் பற்றி எழுதலாம், உயிரோடிருக்கிற முத்தவல்லி வேறு.

இந்த இடத்தில் எனக்கு உறவில் மாமு முறையாகிற ஒரு பெரியவர் சொன்னதைச் சொல்ல வேண்டும். பக்கத்து ஊரில் ரொம்ப வருஷம் முத்தவல்லியாக இருந்தவர். ரசூல் விஷயத்தைப் பேசியபோது சொன்னார்: “தம்பி, அவரு எழுதுனது சரியா தப்பான்னு நான் பேச வரல. வெளிப் பத்திரிகையில எதுக்கு எழுதணும்? வூட்டுச் சண்டைய தெருவுக்குக் கொண்டாரலாமா?” நான் கேட்டேன்: “வூட்டுக்குள்ள எங்க மாமு பேசறது? ஜும்மாவுல மைக்கு ஹஜ்ரத்துகிட்ட, மத்த நாள்ல சாவி உங்ககிட்ட.” அவர் சிரித்துவிட்டு, “சாவி இருந்தவனுக்குத்தான தெரியும், கோயமுத்தூர் நேரத்துல ராத்திரி தூங்காம கெடந்தது” என்றார்.

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. 1992க்குப் பின்னால், குறிப்பாக 1997 நவம்பரில் கோவையில் 18 முஸ்லிம்கள் கொல்லப்பட்டு, 1998 பிப்ரவரியில் குண்டுகள் வெடித்து 58 பேர் செத்த பிறகு, தாடி வைத்தவனெல்லாம் சந்தேகத்துக்குரியவன் ஆனபோது யார் துணைக்கு வந்தார்கள்? போலீஸ் ஸ்டேஷனுக்கு யார் போனார்கள்? ஜமாஅத்தான். ஏழைப் பெண்ணின் கல்யாணத்துக்குப் பணம் திரட்டுவதும் அநாதைப் பிணத்தை அடக்குவதும் அதே ஆட்கள். அரணாக நிற்பதும் அடைத்து வைப்பதும் ஒரே சுவர். வெளியே நின்று கல்லெறிகிறவன் அதிகமாக அதிகமாக, உள்ளே ஜன்னல் கேட்பவள் துரோகி ஆகிறாள். 2019ஆம் வருஷத்து முத்தலாக் சட்டம் இதைத்தான் செய்தது. 2017 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் 3க்கு 2 என்கிற கணக்கில் உடனடி முத்தலாக் செல்லாது என்று சொல்லிவிட்டது. செல்லாத ஒரு சொல்லைச் சொன்னதற்கு மூணு வருஷம் வரை சிறை என்று பிறகு சட்டம் போட்டார்கள். சிறையிலிருப்பவன் ஜீவனாம்சம் எப்படிக் கொடுப்பான் என்கிற கேள்வியை எழுப்பிய முஸ்லிம் பெண்களை இரண்டு தரப்பும் கேட்கவில்லை.

ஷா பானு வழக்கை இந்தக் கோணத்தில் மறுபடி வாசிக்க வேண்டும். மாசம் 179 ரூபாய் 20 காசு ஜீவனாம்சம் என்கிற தீர்ப்பு 1985 ஏப்ரலில் வந்தது. அதே வருஷம் நவம்பரில் அந்தத் தீர்ப்பு தனக்கு வேண்டாம் என்று அவரே பகிரங்க அறிக்கை விட்டார். மதத் தலைவர்கள் வந்து விளக்கியதாகவும் தான் புரிந்துகொண்டதாகவும் சொன்னார். 1986இல் அரசு சட்டம் கொண்டுவந்தது. நாடு முழுக்க அந்த அம்மாவைப் பற்றிப் பேசியது. அவர் பேசிய ஒரே பெரிய பேச்சு, தன் பேச்சைத் தானே திரும்பப் பெற்றுக்கொண்டது.

ஊர்விலக்கத்தைச் சட்டம் தடுக்க முடியாதா? தடுத்துப் பார்த்தது. 1949இல் பம்பாய் மாகாணம் சமூக விலக்கத் தடைச் சட்டம் போட்டது. தாவூதி போரா சமூகத்தின் சையத்னா அதை எதிர்த்து வழக்காடினார். 1962இல் உச்சநீதிமன்றம், மத நெறிக்காக விலக்கம் செய்வது அந்தப் பிரிவின் உரிமை, 26ஆவது பிரிவு அதைப் பாதுகாக்கிறது என்று சொல்லிச் சட்டத்தை ரத்து செய்தது. தலைமை நீதிபதி சின்ஹா ஒருவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. போராக்களிடையே சையத்னா தரப்பின் அனுமதியில்லாமல் நிக்காஹ் கிடையாது. அதைக் கேள்வி கேட்ட அஸ்கர் அலி எஞ்சினியர் விலக்கப்பட்டவராகவே வாழ்ந்து 2013இல் காலமானார். அந்த 1962 தீர்ப்பை மறுபரிசீலனை செய்ய வேண்டுமா என்கிற கேள்வியை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வுக்கு அனுப்ப உச்சநீதிமன்றம் 2023 பிப்ரவரி வரை எடுத்துக்கொண்டது.

இதையெல்லாம் முஸ்லிம்களின் தனி வியாதி என்று எடுத்துக்கொள்பவர்கள் திருச்செங்கோட்டை நினைத்துக்கொள்ளவும். 2015 ஜனவரியில் ‘மாதொருபாகன்’ நாவலுக்காகப் பெருமாள்முருகனை அதிகாரிகள் முன்னிலையில் உட்காரவைத்து எழுதி வாங்கினார்கள். அங்கேயும் பிரச்சினை கல்யாணமும் பிள்ளையும் சாதியின் மானமும்தான். 2016 ஜூலையில் அவர் பக்கம் தீர்ப்பளித்த சென்னை உயர்நீதிமன்றத் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல் இருந்த அமர்வுதான், 2016 டிசம்பரில் பள்ளிவாசல்களில் நீதிமன்றம் மாதிரி நடத்தக் கூடாது என்றும், பதர் சயீத் தொடுத்த வழக்கில் 2017 ஜனவரியில், தலைமைக் காஜி தருகிற தலாக் சான்றிதழ் வெறும் அபிப்பிராயம்தான் என்றும் சொன்னது. 1880ஆம் வருஷத்துக் காஜிகள் சட்டத்திலேயே காஜிக்கு நீதிபதி அதிகாரம் கிடையாது என்று இருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்க ஒரு பெண் வழக்கறிஞர் 2013இல் வழக்குப் போட வேண்டியிருந்தது.

வெளியேறும் வழிகளும் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை. புரோகிதரை விட்டு விலகின இந்துவுக்கு 1967இல் அண்ணா ஆட்சி சுயமரியாதைத் திருமணச் சட்டம் கொடுத்தது. நண்பர்கள் முன்னிலையில் மாலை மாற்றினால் போதும், மதமும் சொத்துரிமையும் மாறாது. ஜமாஅத்தை விட்டு விலகின முஸ்லிமுக்கு இருப்பது 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டம். 30 நாள் நோட்டீஸ் ஒட்டுவார்கள். சொத்துக்கு ஷரீஅத் போய் 1925 வாரிசுரிமைச் சட்டம் வந்துவிடும். அந்த ரெண்டாவது விளைவையே ஒருவர் ஆயுதமாக்கினார். காசர்கோடு மாவட்டத்து வக்கீல் சி. ஷுக்கூர், 2023 மார்ச் 8 அன்று தன் மனைவியையே இந்தச் சட்டப்படி மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். ஆண் வாரிசு இல்லாததால் சொத்தில் ஒரு பங்கு சகோதரர்களுக்குப் போகாமல் மூணு மகள்களுக்கே சேர வேண்டும் என்பது அவர் வாதம். கண்டன அறிக்கை வந்தது, அவரும் பதில் சொன்னார். தான் இன்னும் முஸ்லிம்தான் என்றார்.

மாமுவிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அந்தப் புள்ளைங்களுக்கு நிக்காஹ் எந்தத் தப்தர்ல எழுதுவாங்க?” என்று கேட்டார். அவருக்கும் மகள்கள்தான், மூணு பேர்.