ஓடாதவர் ரத்தத்திலும் சர்க்கரை

தாம்பரம் ஸ்டேஷனில் மின்சார ரயில் கிளம்பும் நேரத்தில் படியிறங்கி ஓடியிருக்கிறீர்களா? நெஞ்சு படபடக்கும், வாய் உலரும். கண்ணுக்குத் தெரியாத இன்னொன்றும் நடக்கும். கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை ரத்தத்தில் கொட்டும். கொட்ட வைப்பது பரிவு நரம்பு மண்டலம் (அதாங்க, சிம்பதெடிக் நெர்வஸ் சிஸ்டம்). இதைக் கண்டுபிடித்த கதையில் சென்னையில் படித்த ஒருவருக்கும் பங்கு உண்டு.

1849-ல் பிரான்சில் கிளாட் பெர்னார்ட் ஒரு முயலின் மூளையின் அடிப்பகுதியில் ஊசியால் குத்தினார். சற்று நேரத்தில் அதன் சிறுநீரில் சர்க்கரை வந்தது. சர்க்கரைக்கும் நரம்புக்கும் தொடர்பு இருக்கிறது என்பது அன்று தெரிந்தது.

அடுத்து ஹார்வர்டில் வால்டர் கேனன். 1911-ல் அவர் குழு பூனைகளை நாயைக் காட்டி மிரட்டியது. பயந்த பூனைகளின் சிறுநீரில் சர்க்கரை. அட்ரினல் சுரப்பியை எடுத்துவிட்ட பூனைகளிடம் அது வரவில்லை. ஆக, நரம்பு தூண்ட, அட்ரினலின் சுரக்க, கல்லீரல் கொடுக்கிறது.

1913-ல் கேனனும் சைரஸ் ஃபிஸ்கே என்பவரும் ஹார்வர்ட் கால்பந்து வீரர்கள் 25 பேரைக் கடைசி ஆட்டம் முடிந்ததும் சோதித்தார்கள். 12 பேருக்குச் சர்க்கரை. அதில் 5 பேர் மைதானத்தில் இறங்கவே இல்லை, மாற்று ஆட்டக்காரர்களாக உட்கார்ந்திருந்தவர்கள்! பதற்றம் மட்டுமே போதுமாக இருந்தது.

அந்த ஃபிஸ்கேயின் ஆய்வுக்கூடத்துக்குத்தான் பிறகு நம்மவர் வந்து சேர்ந்தார். பெயர் எல்லாப்ரகடா சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் காந்தியின் அழைப்பை ஏற்றுக் கதர் அங்கி அணிந்ததால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, எல்.எம்.எஸ். தான் கிடைத்தது. சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு சொல்லிக்கொடுத்துவிட்டு 1923-ல் பாஸ்டன் போனார். 1929-ல் ஃபிஸ்கேயும் அவரும் தசையில் ஏடிபி என்ற பொருளைக் கண்டறிந்தார்கள். அதே ஆண்டு ஜெர்மனியில் லோமனும் தனியாகக் கண்டறிந்தார்.

ஏடிபிக்கும் பதற்றத்துக்கும் என்ன சம்பந்தம்? பதில் 1950-களின் பிற்பகுதியில், சுப்பாராவ் 1948-ல் இறந்த பிறகு, ஏர்ல் சதர்லேண்ட் மூலம் வந்தது. அட்ரினலின் கல்லீரல் செல்லுக்குள் நுழைவதில்லை. வாசலில் நின்று தட்டுகிறது. உள்ளே ஏடிபியிலிருந்து சைக்ளிக் ஏஎம்பி உருவாகிறது. அது தொடங்கி வைக்கும் வேலையில் கிளைக்கோஜன் உடைந்து குளுக்கோஸ் ஆகிறது. சதர்லேண்டுக்கு 1971-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுப்பாராவுக்கு நோபல் கிடைக்கவே இல்லை.

பரிவு நரம்புகள் இதோடு விடுவதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து கொழுப்பு அமிலங்களை வெளியேற்றுகின்றன, இன்சுலின் சுரப்பையும் அடக்குகின்றன. ஓடுகிறவனுக்கு எரிபொருள் வேண்டும் என்பதே கணக்கு.

ரயிலுக்கு ஓடினால் அந்த எரிபொருள் தசையில் செலவாகிவிடும். ஆனால் வைவா அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவனும், ஜி.எஸ்.டி. ரோடு நெரிசலில் பஸ்ஸுக்குள் கடிகாரம் பார்ப்பவனும் அந்த 5 மாற்று ஆட்டக்காரர்கள் மாதிரிதான். சர்க்கரை வருகிறது, ஓட்டம் இல்லை. ஆரோக்கியமானவருக்கு இன்சுலின் பிறகு சரிசெய்துவிடும். நீரிழிவு உள்ளவருக்கு அது அவ்வளவு சுலபமல்ல. வீட்டில் அப்பா "டென்ஷன்ல சுகர் ஏறிடுச்சு" என்று சொன்னால் இனி சிரிக்காதீர்கள். முயலில் தொடங்கி 100 வருஷத்துக்கு மேல் நடந்த ஆராய்ச்சி அவர் பக்கம் நிற்கிறது.