வரைபடத்தில் இரண்டு உயரங்கள்

மேகத்துக்குள் நுழைந்துவிட்ட விமானிக்குக் கண்ணாடிக்கு வெளியே எதுவும் தெரியாது. கருவிகளும் வரைபடமும்தான் துணை. அமெரிக்காவில் அந்த வரைபடத்தின் கதை பத்து சென்ட் குறிப்பேடு ஒன்றில் தொடங்குகிறது. 1930இல் தபால் விமானம் ஓட்டச் சேர்ந்த எல்ரே ஜெப்பசன், குன்றுகள், தண்ணீர்த் தொட்டிகளின் உயரங்களையும், வானிலை கேட்க உதவும் வழியோர விவசாயிகளின் தொலைபேசி எண்களையும் அதில் எழுதி வைத்தார். உயரமானியோடு மலையேறி அளந்ததும் உண்டு. சக விமானிகள் விரும்பிக் கேட்கவே, 1934இல் 10 டாலருக்கு விற்கத் தொடங்கினார்.

எழுதியவரே படித்துக்கொண்டிருந்த வரையில் குழப்பமில்லை. வானில் நெரிசல் கூடியபின், எங்கே திரும்புவது, எந்தப் புள்ளியை எந்த உயரத்தில் கடப்பது என்பதெல்லாம் படமும் எழுத்துமாக ஒரே தாளில் நெருங்கின. வரைந்தவர் நினைத்தது ஒன்று, படித்தவர் கொண்டது வேறொன்று என்று ஆக இடம் உண்டானது.

அதன் விலை 1974 டிசம்பர் 1 அன்று தெரிந்தது. வாஷிங்டனின் டல்லஸ் விமான நிலையத்தில் இறங்க வந்த டிடபிள்யூஏ நிறுவனத்தின் 514ஆம் எண் விமானம், வர்ஜீனியாவின் மவுண்ட் வெதர் மலையில் மோதியதில் 92 பேர் இறந்தனர். இறங்க அனுமதி கிடைத்ததும் 1,800 அடிக்கு இறங்கலாம் என்று விமானிகள் எண்ணினர். அந்தப் பகுதியில் 3,400 அடிக்குக் கீழே போகக்கூடாது என்று தாளில் இருந்தது. கேப்டன் அதைக் கவனித்துச் சொல்லவும் செய்தார். ஆனாலும் கட்டுப்பாட்டாளரின் அனுமதியே மேல் என்று முடிவாயிற்று. ஆறு வாரங்களுக்கு முன் வேறொரு நிறுவன விமானம் இதே தவற்றைச் செய்து தப்பியிருந்தது. அந்தச் செய்தி மற்ற நிறுவனங்களை எட்டவில்லை என்பதே மிகவும் வேதனையானது. தவறுகளை அச்சமின்றித் தெரிவிக்க 1976இல் நாசா ஓர் அமைப்பை நிறுவியதற்கு இதுவே காரணம்.

அந்த அமைப்புக்கு வந்து சேர்ந்த அறிக்கைகளில் நியூ ஜெர்சியின் டீட்டர்பரோ விமான நிலையப் புறப்பாடுகள் பற்றியவையும் உண்டு. நியூவர்க்கில் இறங்கும் விமானங்கள் அந்நிலையத்தின் தலைக்கு மேலேயே போகின்றன. 24ஆம் ஓடுபாதையிலிருந்து கிளம்பும் ‘ரூடி’ புறப்பாட்டு முறை, வென்ட்ஸ் என்ற புள்ளியைத் தாண்டும்வரை 1,500 அடியிலேயே இருக்கச் சொன்னது. அதன் பிறகுதான் 2,000. கிளம்பியதும் சக்கரத்தை மடக்கி, இறக்கை மடிப்புகளைச் சரிசெய்து, வானொலி அலைவரிசையை மாற்றி, விமானத்தைத் திருப்பவும் வேண்டும். அதற்குள் 1,500 அடி வந்துவிடும். தானியங்கிக் கருவியில் இறுதி உயரமான 2,000ஐ முன்பே வைத்துவிட்டவர், நடுப்படியைத் தாண்டி ஏறிவிடுவார். கவனக்குறைவு என்று விமானியை மட்டும் குறைசொல்வது நியாயமல்ல. இரண்டு படிகளை அவ்வளவு நெருக்கத்தில் வைத்த முறையிலும் குறை இருக்கிறது.

தாளிலுள்ள இடைப்பட்ட உயரங்களைக் கடைப்பிடிப்பதா என்ற குழப்பம் வாய்மொழிக் கட்டளையிலும் இருந்தது. அதைப் போக்க, ‘குறித்தபடி ஏறுக’ என்று பொருள்படும் ‘கிளைம்ப் வயா’ கட்டளையைப் புறப்பாட்டு முறைகளுக்கு 2014 ஏப்ரலில் அமெரிக்கா கொண்டுவந்தது. இதைக் கேட்டால் தாளிலுள்ள எல்லா உயரங்களையும் கடைப்பிடிக்க வேண்டும். ‘கிளைம்ப் அண்ட் மெயின்டெயின்’ என்றால் அவை ரத்து. பன்னாட்டு விமானப் போக்குவரத்து அமைப்பு 2016இல் இதையொட்டிய சொற்களை அறிவித்தது; எல்லா நாடுகளும் அவற்றை ஒரே மாதிரி ஏற்கவில்லை.